உங்கள் தோட்டத்துக்கு முப்பது பேர் வருகிறோம் என்று சொன்னால்

வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களுக்கு இப்போது ஊருக்கு ஊர் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. விதைப் பகிர்வு, பூச்சிக்கு மருந்து கேட்பது, அறுவடைப் படம் போடுவது என்று போய்க்கொண்டிருக்கும். குழு கொஞ்சம் வளர்ந்ததும் யாராவது ஒருவர், "எல்லாரும் ஒரு நாள் நேரில் பார்க்கலாமே, யார் தோட்டத்திலாவது கூடலாமே" என்பார். யார் போடும் படங்களில் காய் அதிகம் தெரிகிறதோ, அவர் பெயர்தான் முதலில் வரும். எங்கள் குழுவில் என் பெயர் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து முடிந்த அந்தச் சந்திப்பிலிருந்து தோட்டம் தேறி வர ஒரு பட்டமே, அதாவது ஒரு விதைப்புப் பருவமே, போய்விட்டது. கையிலிருந்து 14,000 ரூபாய்க்கு மேல் செலவானது. அதைவிட, பல வருஷமாகக் காப்பாற்றி வந்த ஒரு விதை கிட்டத்தட்ட கைவிட்டுப் போனது. இப்படியெல்லாம் ஆகும் என்று முன்பே தோட்டத்தைத் திறந்து காட்டிய யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அடுத்த முறை உங்கள் பெயர் வரலாம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோவை வடவள்ளிப் பக்கம், மருதமலை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டை ஒட்டி எட்டு சென்ட் செம்மண் நிலம். வீட்டுக்காரருக்கு வெளியூர் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மகன் பெங்களூரில். மாமியாரும் நானும்தான் வீட்டில். தோட்டம் முழுக்க என் கைப்பாடு. நாலடி அகலத்துக்கு மேட்டுப்பாத்தி, நடுவில் ஒன்றரை அடி நடைபாதை. பாத்தி நாலடிக்கு மேல் போனால் நடுவில் களை எடுக்க உள்ளே கால் வைக்க வேண்டி வரும். நாலடி என்றால் இரண்டு பக்கத்திலிருந்தும் கை எட்டிவிடும். மிதிபடாத மண்ணில்தான் காற்றும் தண்ணீரும் இறங்கும், வேர் ஓடும். அதனால் என் பாத்திகளில் வருஷக்கணக்கில் யாரும் கால் வைத்ததில்லை. மயில் தொல்லைக்காக நாற்றுப் பகுதிக்கு மட்டும் வலை. ஆடிப்பட்டத்தில் போட்ட கத்தரி, வெண்டை, புடலை, பீர்க்கை எல்லாம் ஐப்பசி மழையைத் தாண்டி நின்று, மார்கழி பிறந்ததும் அவரையும் சிறகவரையும் சேர்ந்துகொள்ளும். பகல் குறுகினால்தான் அவை இரண்டும் நன்றாகப் பூக்கும். ஆக, வருஷத்தில் என் தோட்டம் பார்க்க அழகாக இருக்கும் நேரம் அதுதான்.

இயற்கை விவசாயத்தை ஊர் ஊராக எடுத்துச் சொன்ன நம்மாழ்வார் ஐயா மறைந்தது 2013 டிசம்பர் 30. இயற்கை வழியில் தோட்டம் போடும் குழுக்கள் பலவும் அந்த நாளை ஒட்டித்தான் விதைத் திருவிழா, தோட்டப் பார்வை என்று எதையாவது வைப்பார்கள். எங்கள் குழுவை நடத்தும் தம்பி போன் செய்தார். "அக்கா, ஐயா நினைவு நாளை ஒட்டி வர்ற ஞாயித்துக்கெழம உங்க தோட்டத்துல கூடலாமுங்களா? ஒரு முப்பது பேர் வருவாங்க, ரெண்டு மணி நேரம், அவ்வளவுதானுங்க." மனசு குளிர்ந்துபோய்ச் சரி என்றேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், எனக்கு அது பெரிய சந்தோஷம். வீட்டில் இருக்கிறவர்களுக்கு நான் காலையிலும் சாயங்காலமும் மண்ணில் கிடப்பது பழகிப்போன காட்சி. அதன் அருமை தெரிந்த முப்பது பேர் தேடி வருகிறார்கள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

முப்பது பேருக்குக் காலை டிபன் ஆளுக்கு 70 ரூபாய் என்று பக்கத்தில் சமையல் செய்து தரும் ஒருவரிடம் சொல்லி வைத்தேன். முன்வாசலில் ஒரு சின்ன ஷாமியானா, நாற்காலி. இரண்டு கேன் தண்ணீர். எல்லாம் என் செலவுதான், வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன. குழுவில் போட்ட அறிவிப்பை உறுப்பினர்கள் தங்களுக்குத் தெரிந்த மற்ற குழுக்களுக்கும் தள்ளிவிட்டிருக்கிறார்கள். திருப்பூரிலிருந்து ஒரு வேன். பொள்ளாச்சியிலிருந்து இரண்டு கார். குழந்தைகளையும் சேர்த்து எழுபது பேருக்குக் குறையாது. யாரையும் குற்றம் சொல்ல வாய் வரவில்லை, எல்லார் முகத்திலும் அவ்வளவு ஆர்வம். "மக்களே, கொஞ்சம் பொறுங்க, வரிசையா போலாம்" என்று அந்தத் தம்பி கத்திக்கொண்டே இருந்தார். ஆனால் ஒன்றரை அடி நடைபாதையில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பாத்திக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். ஒருவர் இறங்கினால் அடுத்தவருக்கு அது வழி.

இந்த இடத்தில் நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மார்கழியில் கோவையில் எட்டரை, ஒன்பது வரைக்கும் இலையில் பனி நிற்கும். ஈர இலைகளுக்கு நடுவே நடந்தால், ஒரு செடியில் இருக்கும் பூஞ்சண நோயையும் பாக்டீரியா நோயையும் உடுப்பிலும் கையிலும் வாங்கி அடுத்த செடிக்குக் கொடுத்துக்கொண்டே போவோம். அவரைக் குடும்பத்துச் செடிகளுக்கு இது ரொம்பவே பொருந்தும். பனி காய்ந்த பிறகு, ஒன்பதரைக்கு மேல் உள்ளே விடுவதுதான் சரி. பூசணிப் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பதைக் காட்ட வேண்டும் என்றால் மட்டும் காலையில் சீக்கிரம் தேவைப்படும், அதற்கு இரண்டு மூன்று பேர் முன்னால் வந்தால் போதும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் பூப்பவை, அவற்றைக் காலையில் காட்டவே முடியாது. அதேபோல, முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சாமல் விட வேண்டும். ஈர மண்ணை மிதித்தால் அது இறுகிப்போகும், காய்ந்த மண் அவ்வளவு இறுகாது. வருகிறவர்களுக்குத் தோட்டம் பளிச்சென்று இருக்கட்டும் என்று எல்லாரும் முதல் நாள்தான் தண்ணீர் விடுவோம், நானும் அப்படித்தான் விட்டிருந்தேன். முன்னே பின்னே இப்படி ஒரு கூட்டத்தைப் பார்க்காதவர்களுக்கு இதெல்லாம் தோன்றாது.

இப்போது விதை விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வலித்தது இதுதான். என்னிடம் ஆனைக்கொம்பன் வெண்டை இருந்தது. நீளமாக வளைந்து வரும், நம் நாட்டு ரகம். ஒரு விதைத் திருவிழாவில் பத்து விதை கிடைத்து, வருஷா வருஷம் நல்ல செடியைத் தேர்ந்து விதை எடுத்து வந்தேன். வெண்டை தானாகவே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும் செடி என்றாலும், தேனீ வந்து போனால் பக்கத்து ரகத்தோடு கலந்துவிடும். அதனால் மறுநாள் பூக்கப் போகிற மொட்டை முந்தின சாயங்காலமே மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுவேன். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டுக் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுவேன். அந்தக் காயைப் பறிக்காமல் செடியிலேயே காய விட வேண்டும். பூத்ததிலிருந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், காய் பழுப்பாகி வெடிக்கிற பதத்துக்கு வரும்போதுதான் உள்ளே விதை முற்றியிருக்கும். அன்றைக்கு என் செடிகளில் இருந்தவை பாதி காய்ந்த நிலையில் இருந்த காய்கள்.

வந்தவர்களில் பலருக்கு ஆனைக்கொம்பன் என்ற பெயர் தெரியும், விதைக்காகத் தேடிக்கொண்டிருந்தவர்கள். நான் ஷாமியானா பக்கம் டிபனைக் கவனித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பாத்தியைச் சுற்றிக் கூட்டம். ஒருவர் ஒரு காயை உடைத்தார், அதைப் பார்த்து அடுத்தவர். நான் ஓடிப் போவதற்குள் நூல் கட்டிய காய் அத்தனையும் போயிருந்தது. ஒரு அம்மா கையில் நாலு காயை வைத்துக்கொண்டு, "ஏனுங்கக்கா, இது வெதைக்கு ஆகுமுங்களா?" என்று என்னிடமே கேட்டார். ஆகாது. வெள்ளையாக, பிசுபிசுவென்று இருந்த அந்த விதை முளைக்காது. எடுத்துப் போனவர்களுக்கும் பயனில்லை, எனக்கும் இல்லை. கத்தரியிலும் இதே கதி. விதைக்கு விடும் கத்தரிக்காய் செடியிலேயே மஞ்சளாகிப் பழுக்க வேண்டும். நான் விட்டிருந்த முள்ளுக்கத்தரி இரண்டையும், பெரிதாக இருக்கிறதே என்று யாரோ பறித்துப் போய்விட்டார்கள். பூ மொட்டில் கட்டியிருந்த துணிப்பைகளைக்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று அவிழ்த்துப் பார்த்திருந்தார்கள். பழைய வருஷத்து விதை ஒரு டப்பாவில் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் ரகம் தப்பியது. அது இல்லையென்றால் அதோடு முடிந்திருக்கும்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்வது இரண்டு. விதைக்கு விட்ட காயில் வெறும் நூல் கட்டினால் போதாது, அது உங்களுக்கு மட்டும்தான் புரியும். பெரிய எழுத்தில் "விதைக்காய், தொட வேண்டாம்" என்று அட்டை தொங்கவிடுங்கள், அந்தப் பாத்தியையே கயிறு கட்டித் தள்ளி வையுங்கள். இரண்டாவது, எந்த ரகமாக இருந்தாலும் அந்த வருஷத்து விதை முழுவதையும் செடியை நம்பி விடாதீர்கள். போன பட்டத்து விதையில் ஒரு கைப்பிடி நன்றாகக் காய வைத்து, காற்றுப் போகாத டப்பாவில் எப்போதும் இருக்கட்டும். அதில் கொஞ்சத்தை நம்பிக்கையான இன்னொரு வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.

இதற்கு நடுவே தெருவில் ஒரு சத்தம். நாலு வீடு தள்ளி இருப்பவர்கள் மகளை ரயிலேற்ற வேண்டும், அவர்கள் கேட்டுக்கு முன்னால் திருப்பூர் வேன் நிற்கிறது, டிரைவர் டீக்குப் போயிருக்கிறார். அவரைத் தேடிப் பிடித்து வண்டியை எடுப்பதற்குள் அந்த வீட்டு அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத விரும்பவில்லை. ரயில் கிடைத்துவிட்டது, ஆனால் அவர்கள் பழையபடி பேச மாதக்கணக்கானது. வந்தவர்கள் மத்தியானத்துக்குள் போய்விடுவார்கள், அந்தத் தெருவில் குடியிருப்பது நாம்தான்.

டிபன் முப்பது பேருக்குச் சொன்னது, எழுபது பேர். பசியோடு யாரையும் அனுப்ப முடியாது என்று ஓட்டலில் ஆள் அனுப்பி இட்லியும் பொங்கலும் வாங்கினேன், அதில் மட்டும் 3,200 ரூபாய். வீட்டில் ஒரே கழிவறை. மாமியாருக்கு எண்பது வயசு, அவர் அறைக்குள்ளேயும் ஆட்கள் வந்து போனார்கள். பாவம், அவர் அன்றைக்குக் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. பந்தலில் கல் கட்டித் தொங்கவிட்டிருந்த புடலங்காயைப் பிடித்து ஒரு பையன் ஆட, கொடியோடு இறங்கியது. சொட்டுநீர்க் குழாய்களில் கால் தடுக்கி இணைப்புகள் பிடுங்கிக்கொண்டன.

பதினோரு மணிவாக்கில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், நினைவுப் பரிசு கொடுத்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். பலர் கையைப் பிடித்து, "உங்களப் பாத்துத்தானுங்க நானும் ஆரம்பிக்கப் போறேன்" என்றார்கள். அது பொய்யில்லை, அவர்களில் சிலர் இன்றைக்கு நல்ல தோட்டக்காரர்கள். ஆலாந்துறைப் பக்கமிருந்து வந்த ஒரு பாட்டி, என் அவரையில் பூ கொட்டுவதைப் பார்த்துவிட்டு, புளித்த மோரும் தேங்காய்ப்பாலும் கலந்து புளிக்க வைக்கும் தேமோர் கரைசலை எப்படிச் செய்து எவ்வளவு நீர்த்துத் தெளிப்பது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அவர்தான். அந்த மாதிரி ஆட்களைச் சந்திக்கத்தானே இந்தக் கூட்டமெல்லாம்.

எல்லாரும் போன பிறகு தோட்டத்துக்குள் போனேன். பாத்திகளின் விளிம்பு சரிந்து, நடைபாதைக்கும் பாத்திக்கும் வித்தியாசம் தெரியாமல் கிடந்தது. மண்ணில் விரலை அழுத்தினால் இறங்கவில்லை. குழுவில் படங்களும் இதயங்களும் வந்துகொண்டே இருந்தன. நான் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அழுதேன். யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால், "பெருமைக்குக் கூப்பிட்டாய், இப்போது புலம்புகிறாய்" என்பார்கள் என்று தோன்றியது. வீட்டுக்காரரிடம்கூட நல்லபடியாக நடந்தது என்றுதான் சொன்னேன்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், யாரும் இதைச் சொல்வதில்லை. சொல்லி வைத்த டிபன் 2,100, ஓட்டல் 3,200, ஷாமியானா நாற்காலி 2,400, தண்ணீர், டீ 900. அடுத்த வாரமே செப்டிக் டேங்க் நிரம்பி லாரி கூப்பிட 2,000. சொட்டுநீர்க் குழாய், இணைப்பு, பொருத்தியவர் கூலி 1,800. பாத்தியைக் கொத்தித் திரும்ப மேடு கட்ட ஆள் கூலி 1,400. இன்னும் ஒன்று இருக்கிறது, 600 ரூபாய், மாவுப்பூச்சிக்கு. ஆகமொத்தம் 14,400.

அந்த மாவுப்பூச்சி வந்தது அன்பளிப்பில். வந்தவர்களில் சிலர் வெறும் கையோடு வரக்கூடாது என்று செடி கொண்டுவந்தார்கள். செம்பருத்தி, நித்தியமல்லி, ஒரு மிளகு. அந்த நெரிசலில் யாரோ அவற்றைக் கத்தரிப் பாத்தி ஓரமாக நிழலில் வைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் கத்தரியின் நுனியிலும் இலைக்காம்பிலும் வெள்ளையாகப் பஞ்சு அப்பினாற்போல் தெரிந்தது. தேடிப் பார்த்தால் செம்பருத்தியின் கணு முழுக்க அதுதான், எறும்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காக்கும், புதுச் செடிக்கும் கொண்டு சேர்க்கும். நுனிகளை வெட்டிச் சோப்புத் தண்ணீரில் முக்கிப் போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து வாரா வாரம் சாயங்காலத்தில் அடித்தேன். வெர்டிசிலியம் லெக்கானியும் வாங்கித் தெளித்தேன். அது பூச்சியைப் பிடிக்கும் பூஞ்சணம், காற்றில் ஈரம் இருந்தால்தான் வேலை செய்யும். அதையும் மீறி இரண்டு பாத்திக் கத்தரியைப் பிடுங்கி எரிக்க வேண்டி வந்தது.

கோவைக்காரர்களுக்கு இது புதுசில்லை. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டதே 2008-ல் இங்கேதான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று அது சூறையாடியதில் விவசாயிகள் பட்ட பாடு பெரியது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தப் பூச்சியைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. தென்னையைப் பிடித்த சுருள் வெள்ளை ஈயும் 2016-ல் பொள்ளாச்சியில்தான் முதலில் தெரிந்தது. வெளியிலிருந்து வரும் ஒரு செடியின் இலைக்கு அடியில் என்ன வருகிறது என்பது அவ்வளவு பெரிய விஷயம். யார் எவ்வளவு அன்பாகச் செடி கொடுத்தாலும் வாங்குங்கள், ஆனால் தோட்டத்தை விட்டுத் தள்ளி, தனியாக, மூன்று வாரமாவது வையுங்கள். கணு, இலைக்கு அடிப்பக்கம், தொட்டியின் அடி ஓட்டை எல்லாம் பாருங்கள். எறும்பு ஏறுகிற செடி என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

செடிக்கு வந்தது தீர்ந்தது. எனக்கு வந்தது தீர இன்னும் நாளானது. வந்தவர்களில் ஒருவர் வீடியோ எடுத்துப் போட்டிருந்தார். நல்ல எண்ணம்தான், என்னைப் பாராட்டித்தான் பேசியிருந்தார். கூடவே என் போன் நம்பரும் வீட்டு லொக்கேஷனும். அதிலிருந்து காலை ஆறு மணிக்கும் போன் வரும், ராத்திரி பத்தரைக்கும் வரும். ஆனைக்கொம்பன் விதை கூரியரில் அனுப்புங்கள் என்பார்கள். இல்லை என்றால் சிலர் நம்ப மாட்டார்கள், "வெச்சுக்கிட்டே இல்லைங்கறீங்க" என்று கோபப்படுவார்கள். இருந்த மற்ற விதைகளை ஆரம்பத்தில் என் செலவிலேயே கவரில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன், அது கட்டுப்படியாகாது என்று சீக்கிரமே தெரிந்தது. அதைவிடச் சிரமம், வார நாளில் மத்தியான நேரத்தில் முன்பின் தெரியாத ஆட்கள் கேட்டைத் தட்டுவது. "வீடியோல பாத்தோமுங்க, மருதமல வந்தோம், அப்படியே பாத்துட்டுப் போலாம்னு." வீட்டில் வயசான மாமியாரும் நானும் மட்டும். ஒருமுறை நான் கடைக்குப் போயிருந்தபோது இரண்டு பேர் கேட்டைத் திறந்து உள்ளே வந்து தோட்டத்தில் நின்றிருக்கிறார்கள், மாமியார் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு எனக்குப் போன் செய்தார். அதன் பிறகுதான் கேட்டுக்குப் பூட்டுப் போட்டேன். வீடியோ போட்டவரிடம் கேட்டு நம்பரையும் இடத்தையும் எடுக்க வைத்தேன். உடனே எடுத்துவிட்டார், ஆனால் அதற்குள் அது எங்கெங்கோ பரவியிருந்தது. பெண்கள் தனியாக இருக்கும் வீடென்றால் இந்த ஒரு விஷயத்தில் தயவு செய்து யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். படம் எடுக்கலாம், செடியை எடுக்கட்டும். வீட்டு முகப்பு, தெருப் பெயர், நம்பர் எதுவும் வரக்கூடாது. லொக்கேஷனைக் குழுவில் போடச் சொல்லாதீர்கள். பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும் காலையில் தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்த வருஷமும் கேட்டார்கள். இந்த முறை அந்தத் தம்பியை நேரில் வரச் சொல்லி, உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் கணக்கோடு சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே எதுவும் தெரிந்திருக்கவில்லை. "ஏனுங்க்கா அப்பவே சொல்லல?" என்று தலையைக் குனிந்துகொண்டார். சொன்ன பிறகு அவரே முன்னின்று எல்லாம் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். பெயர் கொடுத்தவர்கள் மட்டும், பத்துப் பத்துப் பேராக மூன்று அணி, ஒரு அணி வெளியே வந்த பிறகுதான் அடுத்தது. ஆளுக்கு நூறு ரூபாய் முன்கூட்டியே வசூலித்துவிட்டார்கள். பணம் கட்டியவர்கள் கூடுதல் ஆளைக் கூட்டி வருவதில்லை, வராமலும் இருப்பதில்லை. சாப்பாடு அவரவர் கட்டுச்சோறு. வண்டிகளுக்குப் பக்கத்து மண்டபத்தின் மைதானத்தைக் கேட்டோம், மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் காலியாகத்தான் கிடந்தது, சந்தோஷமாகக் கொடுத்தார்கள். தெருவில் எல்லா வீட்டுக்கும் முந்தின நாளே போய்ச் சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு கட்டுக் கீரையும் கொடுத்து வந்தேன்.

உள்ளே நுழையும் இடத்தில் வாளியில் தண்ணீரும் சோப்பும் வைத்தோம். பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உள்ளவர்கள் கையோடு தக்காளி, மிளகாய்ச் செடியைத் தொட்டால் புகையிலைத் தேமல் வைரஸ் ஒட்டிக்கொள்ளலாம், அதற்கு மருந்து கிடையாது. யாரையும் தனியாகக் கேட்டால் சங்கடம், அதனால் எல்லாரும் கழுவ வேண்டும் என்றே வைத்துவிட்டோம். தேங்காய்நார்க் கயிறு கட்டி ஒருவழிப் பாதை, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுவது. அகலம் போதாத இரண்டு நடைபாதைகளை அடைத்துவிட்டோம். சொட்டுநீர்க் குழாய்களை முந்தின நாளே சுருட்டி எடுத்துவிட்டேன், ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் செடி வாடிவிடாது.

எல்லாவற்றையும்விட நல்ல பலன் கொடுத்தது விதை மேசை. சின்னச் சின்னக் கவர்களில் பத்துப் பத்து விதை போட்டு, ரகத்தின் பெயர், எடுத்த மாதம், விதைக்கும் பட்டம் எல்லாம் எழுதி வாசலிலேயே வைத்துவிட்டேன். போகும்போது ஆளுக்கு மூன்று கவர் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். கையில் விதை கிடைக்கும் என்று தெரிந்த பிறகு ஒருவர்கூடக் காயைத் தொடவில்லை. முந்தின வருஷம் உடைத்தவர்களும் கெட்டவர்கள் இல்லை, கேட்டால் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற தவிப்பில் செய்தது. ஆனைக்கொம்பனுக்கு மட்டும் கவர் குறைவாக இருந்ததால், அடுத்த வருஷம் அதில் விதை எடுத்துக் குழுவுக்குத் திருப்பித் தருகிறேன் என்று பெயர் எழுதிக் கொடுப்பவர்களுக்கு மட்டும் கொடுத்தேன். அப்படி வாங்கியவர்களில் நாலு பேர் திருப்பித் தந்தார்கள். இப்போது அந்த ரகம் ஐந்து வீட்டில் இருக்கிறது, என் ஒரு பாத்தியை நம்பி இல்லை.

அன்பளிப்புச் செடிகளுக்கு கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பலகை போட்டிருந்தோம். கூட்டம் முடிந்த பிறகு இரண்டு பேர் தங்கி உதவ வேண்டும் என்று நான் கேட்டிருந்தேன். இதை நீங்களும் கட்டாயம் கேளுங்கள், ஒப்புக்கொள்ளும்போதே கேட்டுவிடுங்கள். ஒரு அக்காவும் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். கயிற்றைச் சுருட்டினோம், மிதிபட்ட ஓரங்களை முள்கரண்டியால் கிளறிவிட்டு மேலே சருகு மூடாக்குப் போட்டோம், குழாய்களைத் திரும்ப விரித்தோம். அந்தப் பெண்தான் பலகையிலிருந்த செடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, ஒரு செம்பருத்தியின் கணுவைக் காட்டி, "ஆன்ட்டி, இங்க வெள்ளையா இருக்குங்க" என்றாள். கொடுத்தவருக்குப் போன் செய்து அவர் வீட்டுச் செடிகளையும் பார்க்கச் சொன்னோம். அங்கே கொய்யாவில் ஏறத் தொடங்கியிருந்ததாம், நேரத்தில் சொன்னீர்கள் என்றார்.